லூப்பின் நீளம் யார் கையில்?

லூப் வைத்து வாசிப்பவர்களின் மேடையில் ஒரு சின்னப் பெட்டியைப் பார்த்திருப்பீங்க. கொஞ்சம் கட்டைகள், கொஞ்சம் குமிழ்கள், விரலால் தட்ட ரப்பர் பேடுகள். அதுக்குள்ள ஒலின்னு ஒண்ணும் கிடையாது. எதை அழுத்தினார்கள், எவ்வளவு வேகமாக அழுத்தினார்கள் என்ற செய்தியை மட்டும் கம்ப்யூட்டருக்கு அனுப்பும். ஒலி, பதிவு, திரும்ப ஒலிப்பது எல்லாம் மென்பொருளின் வேலை. இந்தப் பெட்டியின் வரலாற்றைத் தேடப் போனால், அதற்குள் இன்னொரு கேள்வி ஒளிந்திருக்கிறது: லூப் எங்கே முடியணும் என்பதை யார் தீர்மானிப்பது?

முதலில் அதைத் தீர்மானித்தது மேஜைதான். 1963ல் பாரிஸில் டெர்ரி ரைலிக்காக ஒரு பிரெஞ்சு வானொலிப் பொறியாளர் இரண்டு டேப் ரெக்கார்டர்களை இணைத்துக் கொடுத்தார். ஒரே டேப் முதல் மெஷினில் பதிவாகி இரண்டாவதில் ஒலிக்கும். அந்த ஒலி மறுபடி முதல் மெஷினுக்கே போய்ப் பதிவாகும். 1972ல் பிரையன் ஈனோவும் ராபர்ட் ஃப்ரிப்பும் இரண்டு ரெவாக்ஸ் மெஷின்களை வைத்து இதையே செய்தார்கள். டேப் நொடிக்குச் சுமார் 19 செ.மீ. ஓடினால், இரண்டு ஹெட்டுகளுக்கும் நடுவே 95 செ.மீ. இருக்கும்போது தாமதம் 5 நொடி. நீளத்தை மாத்தணும்னா மெஷினைத் தூக்கி நகர்த்தணும். வாசித்துக்கொண்டிருக்கும்போது நடக்கிற காரியமா?

1990களில் டிஜிட்டல் லூப்பர்கள் வந்தன. ஓபர்ஹைமின் எக்கோப்ளெக்ஸ் டிஜிட்டல் ப்ரோ, லெக்சிகானின் ஜாம்மேன், பிறகு 2001ல் பாஸ் ஆர்சி-20. இப்போது முடிவு காலுக்கு வந்தது. ஒரு மிதி, பதிவு ஆரம்பம். இன்னொரு மிதி, லூப் மூடிவிட்டது. கால் சற்றுப் பிந்தினால் அந்தப் பிசகு ஒவ்வொரு சுற்றிலும் திரும்ப வரும், மேலே அடுக்குவது எல்லாம் அதன்மேல்தான் நிற்கும். தாளம் உடம்பில் ஊறாதவருக்கு இது கொடுமையான கருவி. ஊறியவருக்கு இதைவிட நேர்மையான கருவி இல்லை என்பேன்.

கட்டுப்படுத்தும் பெட்டி தனியாகவும் ஒலி தனியாகவும் பிரிந்த கதை இதற்கு முன்பே ஆரம்பித்திருந்தது. டேவ் ஸ்மித், ரோலண்டின் இகுடாரோ ககேஹாஷி இருவரின் முயற்சியில், 1983 ஜனவரியில் அமெரிக்காவின் நாம் கண்காட்சியில் போட்டி நிறுவனங்களின் இரண்டு சிந்தசைசர்கள், ப்ராஃபெட்-600ம் ஜூபிடர்-6ம், ஒரே கேபிளில் பேசிக்கொண்டன. மிடி என்ற அந்த மொழி ரொம்பச் சிக்கனமானது. நொடிக்கு 31,250 பிட். ஒரு ஸ்வரத்துக்கு மூன்று பைட், அதாவது ஏறத்தாழ ஒரு மில்லிநொடி. அழுத்தமோ குமிழின் இடமோ 0 முதல் 127 வரை ஒரு எண். இவ்வளவு கொஞ்சம் சொன்னால் போதும் என்பதால்தான் பெட்டி பைக்குள் போகும் அளவுக்குச் சின்னதாக முடிந்தது. யூஎஸ்பி வந்தபின் அதே கேபிளில் மின்சாரமும் கிடைத்தது.

2001ல் பெர்லினிலிருந்து ஏபிள்டன் லைவ் வந்தது. லூப்களை மேடையிலேயே அடுக்கிக் கலைக்கும் மென்பொருள். ஆனால் மேடையில் மவுஸைப் பிடித்து வாசிப்பது பார்ப்பவருக்கும் சுகமில்லை, வாசிப்பவருக்கும் இல்லை. அதை உருவாக்கியவர்களில் ஒருவரான ராபர்ட் ஹென்கேயே தன் கச்சேரிகளுக்காக மோனோடெக் என்ற கன்ட்ரோலரைத் தானே செய்துகொண்டார் என்பதைக் கவனிங்க. 2006ல் மோனோம், 2008ல் கோர்க் நானோகன்ட்ரோல், 2009ல் 64 பேடுகளோடு நோவேஷன் லாஞ்ச்பேட். கை மறுபடி வேலைக்கு வந்தது.

வந்தது சரி, அதிகாரம் வந்ததா? லைவில் ஒரு பேடைத் தட்டினால் வழக்கமான அமைப்பில் அடுத்த பார் தொடங்கும்வரை மென்பொருள் காத்திருக்கும். நீங்க முந்தித் தட்டினாலும் கவலையில்லை, அது சரியான இடத்தில்தான் ஆரம்பிக்கும். பெடலில் மிதிப்பது முடிவு. இங்கே தட்டுவது விண்ணப்பம் மாதிரி. பிசகு போச்சு, கூடவே அந்தத் துணிச்சலும் கொஞ்சம் போச்சு. நாலு பேர் சேர்ந்து வாசிக்கும்போது இந்தக் காத்திருப்பு பெரிய உதவி என்பதை மறுக்கவில்லை. தனியாள் வாசிப்பில்தான் இது எனக்கு உறுத்துகிறது.

வழி இல்லாமல் இல்லை. 2009ல் வந்த லைவ் 8ல் லூப்பர் என்றே ஒரு கருவி சேர்ந்தது. அதன் பொத்தானை ஒரு மிடி பெடலுக்கோ சின்னக் கன்ட்ரோலரின் பேடுக்கோ ஒதுக்கி, குவாண்டைஸை அணைத்துவிட்டால், முதல் லூப்பை எங்கே மூடுகிறீர்களோ அதிலிருந்தே பாட்டின் வேகத்தை எடுத்துக்கொள்ளச் செய்யலாம். கம்ப்யூட்டர் உங்கள் காலுக்குப் பின்னால் வரும்.