செயலா, பிறப்பா? குற்றப் பரம்பரைச் சட்டத்தின் சொல்லாட்சி

ஒரு செயலைக் குற்றமாக்கும் சட்டம் முதலில் அந்தச் செயல் எது என்று சொல்ல வேண்டும். 1860ஆம் ஆண்டு இந்திய தண்டனைச் சட்டம் அதைச் செய்தது. எத்தகைய பொருளை, யார் வசத்திலிருந்து, என்ன எண்ணத்தோடு நகர்த்தினால் அது திருட்டாகும் என்று 378ஆம் பிரிவு வரையறுத்தது. பதினோரு ஆண்டுகளில் வந்த குற்றப் பரம்பரைச் சட்டமோ எந்தச் செயலையும் வரையறுக்காமல் ஆட்களை வரையறுத்தது. பிணையில் விட முடியாத குற்றங்களில் ஊறிப்போன கூட்டம் என்று அரசு ஒரு சமூகத்தை அறிவித்தால் போதும். அந்த அறிவிப்பு செல்லுமா என்று கேட்கும் உரிமை நீதிமன்றத்துக்கும் இல்லை.

வட இந்தியாவில் 1871இல் தொடங்கிய இந்தச் சட்டம், 1911ஆம் ஆண்டுச் சட்டத்தால் சென்னை மாகாணத்துக்கும் வந்தது. அதன் வலிமை முழுவதும் ‘ஊறிப்போன’ என்ற அந்த ஒரு அடைமொழியில்தான் இருந்தது என்பது என் வாதம். குற்றம் என்றால் நாளும் இடமும் சாட்சியும் வேண்டும். ஊறிப்போன குணத்துக்கு இவை எதுவும் வேண்டாம். குணம் பிறப்போடு வருவது என்று கொண்டுவிட்டால், நேற்றுப் பிறந்த பிள்ளையும் அதற்குள் அடங்கிவிடும்.

இதன் விளைவாக, மற்றவர்களுக்குக் குற்றமல்லாதவை பதிவேட்டில் பெயர் ஏறியவர்களுக்கு மட்டும் குற்றமாயின. வெளியூரில் தங்க ராதாரி என்ற அனுமதிச் சீட்டு வேண்டும். குறித்த வேளையில் காவலரிடம் ஆஜராகாவிட்டால் தண்டனை. அட்டவணையில் கண்ட குற்றங்களில் இரண்டாம் முறை சிக்கினால், 1924ஆம் ஆண்டுச் சட்டப்படி ஏழாண்டுக்குக் குறையாத சிறை. மூன்றாம் முறை ஆயுள் முழுவதும் நாடுகடத்தல். மதுரை வட்டார மக்கள் இதை ‘ரேகைச் சட்டம்’ என்றே அழைத்தார்கள். அரசு பரம்பரையைப் பற்றிப் பேசியது. மக்களோ தங்கள் கைவிரலைப் பிடித்து மையில் அழுத்தியதைச் சொன்னார்கள். சட்டம் உண்மையில் செய்த வேலையைச் சொன்ன பெயர் மக்களுடையதுதான். 1920 ஏப்ரல் 3 அன்று அந்த ரேகைப் பதிவை எதிர்த்த அவ்வட்டாரத்துப் பெருங்காமநல்லூரில் காவல்துறை சுட்டதில் மாயக்காள் என்ற பெண் உட்பட 16 பேர் மாண்டனர்.

சென்னை மாகாணத்தில் 1947இலும் நாடு முழுவதும் 1952இலும் சட்டம் நீங்கியது. ஆனால் 1948இலேயே இங்கு ‘வழக்கமான குற்றவாளிகள்’ மீதான கட்டுப்பாட்டுச் சட்டம் வந்துவிட்டது. புதிய சட்டம் சமூகத்தைத் தொடவில்லை, திரும்பத் திரும்பத் தண்டனை பெற்ற தனியாளையே குறிக்கிறது என்பார்கள். இந்த வேறுபாடு மெய்யானது, சிறியதும் அல்ல. ஆயினும் பதிவும் ரேகையும் இருப்பிடம் தெரிவிக்கும் கட்டாயமும் அப்படியே தொடர்ந்தன. தலைமுறைகளாகக் காவலர் கண்ணில் பட்டே வாழ்ந்தவர்களின் தண்டனைப் பட்டியல் நீள்வதில் வியப்பென்ன?

உச்ச நீதிமன்றம் 2024 அக்டோபர் 3 அன்று சுகன்யா சாந்தா வழக்கில், சிறைக் கையேடுகளில் ‘வழக்கமான குற்றவாளி’ என்ற சொல்லுக்குச் சட்டம் வரையறுத்த பொருளே கொள்ள வேண்டும், குற்றப் பரம்பரைப் பட்டியலிலிருந்து நீக்கப்பட்ட சீர்மரபினரை அப்படிக் குறிக்கலாகாது என்று தீர்ப்பளித்தது. கையேட்டைத் திருத்துவது பாதி வேலை. செய்த குற்றத்துக்குத் தண்டனை தரத் தண்டனைச் சட்டமே போதும். ஆளின் வழக்கத்தைப் பதிவேட்டில் ஏற்றும் சட்டங்களை மாநில அரசுகள் நீக்க வேண்டும்.