ஆயிரம் குன்றுகளின் ஓரமாக ஒரு 90 கிலோமீட்டர்

மாரத்தான் என்றால் 42 கிலோமீட்டர் என்பது எல்லோருக்கும் தெரியும். அதைப் போல இரண்டு மடங்குக்கும் கொஞ்சம் கூடுதலான தூரம், அதுவும் மலை ஏறி இறங்கி, ஒரே பகலில் ஓட வேண்டும் என்றால்? தென்னாப்பிரிக்காவில் ஆண்டுதோறும் ஆயிரக்கணக்கானோர் இதைச் செய்கிறார்கள். பந்தயத்தின் பெயர் காம்ரேட்ஸ் மாரத்தான். 2010 ஆம் ஆண்டு மட்டும் 14,343 பேர் ஓடி முடித்தார்கள்!

பாதை இதுதான். ஒரு முனையில் இந்தியப் பெருங்கடல் ஓரம் டர்பன் துறைமுகம். மறு முனையில், கடல் மட்டத்திலிருந்து 600 மீட்டருக்கு மேல் உயரத்தில் பீட்டர்மாரிட்ஸ்பர்க் நகரம். இடையில் ஏறத்தாழ 90 கிலோமீட்டர். பொதுவாக ஒரு வருடம் டர்பனிலிருந்து மேலே ஏறுவார்கள், அடுத்த வருடம் மேலிருந்து கீழே இறங்குவார்கள். கௌவீஸ் ஹில், ஃபீல்ட்ஸ் ஹில், போத்தாஸ் ஹில், இன்சாங்கா, பாலி ஷார்ட்ஸ் என்று ஐந்து பெரிய ஏற்றங்கள். கீழிருந்து வருபவர்களுக்குக் கடைசியாக வரும் பாலி ஷார்ட்ஸ்தான் எமன். எண்பது கிலோமீட்டர் அளவுக்கு ஓடிக் களைத்த கால்களுக்கு முன்னால் செங்குத்தாக ஒரு மேடு எழுந்து நின்றால் எப்படி இருக்கும்?

பாதையின் நடுப்பகுதியில், போத்தாஸ் ஹில் தாண்டியதும், மேலே ஏறுபவர்களுக்கு வலப்பக்கம் பூமி அப்படியே கீழே விழுந்துவிடும். அங்கே தெரிவதுதான் 'ஆயிரம் குன்றுகளின் பள்ளத்தாக்கு'. உம்கேனி ஆறும் அதனோடு வந்து சேரும் உம்சுந்துசி ஆறும் பல காலமாக அறுத்து அறுத்து உண்டாக்கிய பள்ளத்தாக்கு அது. கண்ணுக்கு எட்டிய தூரம் வரை பச்சைக் குன்றுகள், அவற்றின் சரிவுகளில் ஜூலு மக்களின் வீடுகள். சுற்றுலாக் கையேடுகளில் எல்லாம் இந்தக் காட்சி இடம்பெறும்.

அந்தக் கையேடுகள் சொல்லாத ஒன்றும் இருக்கிறது. அந்தப் பள்ளத்தாக்கில் குடியிருந்தவர்கள் மேலே உள்ள சாலையில் நடக்கும் பந்தயத்தில் சேர 54 வருடம் காத்திருக்க வேண்டியிருந்தது.

பந்தயத்துக்கு முன்பே இருந்த கோடுகள்

இது ஜூலு மக்களின் மண். 1838-ல் இங்கே வந்த போயர்கள் பீட்டர்மாரிட்ஸ்பர்கை நிறுவினார்கள். 1843-ல் பிரிட்டிஷ்காரர்கள் நேட்டால் பகுதியைத் தங்கள் ஆட்சியில் சேர்த்துக்கொண்டார்கள். அதன் பிறகு வெள்ளையர்களுக்கு எந்த நிலம், கறுப்பர்களுக்கு எந்த நிலம் என்று கோடு போட்டுப் பிரித்தார்கள். விவசாயத்துக்கு வசதியான இடங்கள் ஒரு பக்கம் போக, கரடுமுரடான பள்ளத்தாக்குகள் பல 'ஒதுக்கப்பட்ட பகுதி' ஆயின. 1913 ஆம் ஆண்டின் நிலச் சட்டம் நாடு முழுவதும் இந்தப் பிரிவினையை உறுதியாக்கியது. நாட்டின் நிலத்தில் சுமார் 7 சதவீதம் மட்டுமே கறுப்பர்களுக்கு என்றானது.

இதே டர்பனில்தான் 1860 நவம்பர் 16 அன்று 'ட்ரூரோ' கப்பல் சென்னையிலிருந்து 342 பேரைக் கொண்டுவந்து இறக்கியது. கரும்புத் தோட்டங்களுக்கு ஒப்பந்தக் கூலிகளாக வந்தவர்கள். தொடர்ந்து வந்த கப்பல்களில் ஏராளமான தமிழர்கள் வந்தார்கள். 1893-ல் வழக்கறிஞர் காந்தியை ரயிலிலிருந்து இறக்கிவிட்டது பீட்டர்மாரிட்ஸ்பர்க் ரயில் நிலையத்தில்தான். ஒப்பந்தம் முடிந்த கூலிகள் மீது போடப்பட்ட 3 பவுண்டு வரியை எதிர்த்து 1913-ல் நடந்த போராட்டத்தில் கலந்துகொண்ட தில்லையாடி வள்ளியம்மை சிறை வைக்கப்பட்டதும் இதே ஊரில். நோயோடு வெளியே வந்த அந்தப் பதினாறு வயதுப் பெண் 1914 பிப்ரவரி 22 அன்று இறந்துபோனார். அதற்கு ஏழு ஆண்டுகள் கழித்து அந்த ஊரிலிருந்து ஒரு ஓட்டம் கிளம்பியது.

ஒரு ரயில்வேக்காரரின் யோசனை

விக் கிளாபம் ரயில் எஞ்சின் ஓட்டியவர். முதல் உலகப் போரில் சிப்பாயாகக் கிழக்கு ஆப்பிரிக்கா சென்று, ஜெர்மன் படைகளைத் துரத்திக்கொண்டு சுமார் 2,700 கிலோமீட்டர் கால்நடையாக அலைந்தவர். திரும்பி வந்தவருக்கு இறந்துபோன தோழர்களின் நினைவாக ஏதாவது செய்ய வேண்டும் என்ற எண்ணம். சிலை வேண்டாம், தாங்கள் பட்ட கஷ்டத்தை ஒத்த ஒரு சோதனையே நினைவுச் சின்னமாக இருக்கட்டும் என்று நினைத்தார். முன்னாள் படைவீரர் சங்கத்திடம் போய்க் கேட்டார். "90 கிலோமீட்டரை யார் ஓட முடியும்?" என்று மறுத்துவிட்டார்கள். விடாமல் கேட்டுக் கேட்டு 1921-ல் அனுமதி வாங்கினார். சங்கம் கொடுத்த தொகை ஒரு பவுண்டு. அதுவும் கடனாக!

1921 மே 24 அன்று 34 பேர் பீட்டர்மாரிட்ஸ்பர்கிலிருந்து புறப்பட்டார்கள். 16 பேர் டர்பன் வந்து சேர்ந்தார்கள். பில் ரோவன் 8 மணி 59 நிமிடத்தில் முதலாவதாக வந்தார். ஓடியவர்கள் அத்தனை பேரும் வெள்ளைக்கார ஆண்கள். கறுப்பரும் இந்தியரும் பெண்களும் பெயர் கொடுக்க முடியாது. கிழக்கு ஆப்பிரிக்கப் போரில் சுமை தூக்கிச் செத்த ஆப்பிரிக்கர்களின் கணக்கு பல்லாயிரத்தைத் தாண்டும். 'தோழர்கள்' என்ற பெயரில் நடந்த பந்தயத்தில் அவர்களுடைய இனத்தாருக்கு இடமில்லை.

அடுத்த ஆண்டிலிருந்து ஐந்து முறை வென்றவர் ஆர்தர் நியூட்டன் என்ற விவசாயி. அவர் ஓட வந்த காரணமே வேறு. அவருடைய பண்ணை இருந்த பகுதியைக் கறுப்பர் குடியிருப்புக்காக அரசு ஒதுக்கியதில் அவருக்கும் அரசுக்கும் தகராறு. ஓட்டத்தில் பெயர் வாங்கினால் தன் குறையை ஊர் கேட்கும் என்று கணக்குப் போட்டார். ஒரு மனிதனின் நிலத் தகராறைப் பேச வைக்கும் மேடையாக இந்தச் சாலை பயன்பட்டது என்றால், நிலமே பறிபோனவர்களுக்கு அந்த மேடை ஏன் மறுக்கப்பட்டது என்பது இன்று எளிதாகப் புரியும்.

எண் இல்லாமல் ஓடியவர்கள்

சாலை பொதுச் சாலை. யார் வேண்டுமானாலும் ஓடலாம். முடிவுப் பட்டியலில் பெயர் வராது, அவ்வளவுதான்.

1923-ல் ஃபிரான்சஸ் ஹேவர்ட் என்ற பெண் விண்ணப்பித்தார். மறுத்தார்கள். அவர் கவலைப்படவில்லை. 11 மணி 35 நிமிடத்தில் ஓடி முடித்தார். பதக்கம் கிடையாது என்பதால், உடன் ஓடியவர்களும் பார்த்துக்கொண்டிருந்தவர்களும் பணம் போட்டு வெள்ளித் தேநீர்ப் பாத்திரங்கள் வாங்கிக் கொடுத்தார்கள். 1935-ல் ராபர்ட் ம்ச்சாலி என்ற கறுப்பர் ஓடினார். சுமார் ஒன்பதரை மணி நேரம். அவர் பெயரும் அதிகாரப்பூர்வப் பட்டியலில் இல்லை.

1948-ல் நிறவெறி ஆட்சி வந்த பிறகு சட்டங்கள் இன்னும் இறுகின. ஆயிரம் குன்றுகளின் பள்ளத்தாக்கில் பெரும்பகுதி குவாஜூலு என்ற 'தாயகப் பகுதி'க்குள் போனது. அதாவது மேலே ஓடுபவர்கள் ரசித்த அந்த அழகான காட்சி, சொந்த நாட்டிலேயே அந்நியராக்கப்பட்டவர்களின் குடியிருப்பு.

1975-ல், ஐம்பதாவது ஓட்டத்தின்போதுதான் எல்லா இனத்தவருக்கும் பெண்களுக்கும் கதவு திறந்தது. உலக விளையாட்டிலிருந்து தென்னாப்பிரிக்கா ஒதுக்கி வைக்கப்பட்டிருந்த காலம் அது. 1964-லிருந்தே ஒலிம்பிக்கில் அந்நாட்டுக்கு இடமில்லை. அந்த ஆண்டு வின்சென்ட் ரகபேலே இருபதாவதாக வந்து, அதிகாரப்பூர்வமாகப் பதக்கம் பெற்ற முதல் கறுப்பரானார். எலிசபெத் கேவனா பெண்களில் முதலாவது.

கதவு திறந்ததும் பிரச்சினை தீர்ந்துவிடவில்லை. 1981-ல் நிறவெறிக் குடியரசின் இருபதாவது ஆண்டுக் கொண்டாட்டத்தோடு பந்தயத்தை இணைத்தார்கள். பலர் புறக்கணித்தார்கள். புரூஸ் ஃபோர்டைஸ் என்ற வெள்ளைக்கார இளைஞரும் இன்னும் சிலரும் கையில் கறுப்புப் பட்டை கட்டிக்கொண்டு ஓடினார்கள். வழியில் அவரை ஏசியவர்களும் உண்டு. அன்று ஜெயித்ததும் அவர்தான். மொத்தம் ஒன்பது முறை வென்று சாதனை படைத்தார்.

1980-களின் கடைசியில் பீட்டர்மாரிட்ஸ்பர்கைச் சுற்றிய கறுப்பர் குடியிருப்புகள் இன்காத்தா இயக்கத்துக்கும் ஐக்கிய ஜனநாயக முன்னணிக்கும் நடந்த மோதலில் எரிந்துகொண்டிருந்தன. அப்படிப்பட்ட 1989-ல் சாம் ஷபாலாலா வெற்றிக் கோட்டைத் தொட்டார். காம்ரேட்ஸின் முதல் கறுப்பின வெற்றியாளர். அடுத்த ஆண்டு பிப்ரவரியில் மண்டேலா சிறையிலிருந்து வெளியே வந்தார்.

பதக்கங்களின் பெயர்கள்

பல ஆண்டுகள் பந்தயம் நடந்த மே 31 'குடியரசு தினம்' என்பதால், புதிய ஆட்சியில் 1995 முதல் ஜூன் 16-க்கு மாற்றினார்கள். அது சோவேட்டோவில் 1976-ல் மாணவர்கள் சுட்டுக் கொல்லப்பட்ட நாள். அந்த நாளின் நினைவைப் பந்தயம் மறைக்கிறது என்று எதிர்ப்பு எழ, 2007-ல் மறுபடியும் தேதி மாறியது.

பதக்கங்களிலும் சரித்திரம் இருக்கிறது. ஒன்பது மணி நேரத்துக்குள் முடிப்பவருக்கு பில் ரோவன் பதக்கம். பன்னிரண்டு மணி நேரத்துக்குள் வருபவருக்கு விக் கிளாபம் பதக்கம். ஒன்பதுக்கும் பத்துக்கும் இடையில் முடிப்பவருக்கு 2019 முதல் வழங்கப்படுவது ராபர்ட் ம்ச்சாலி பதக்கம். 1935-ல் ஒரு பதக்கமும் கிடைக்காதவர் பெயரில், 84 வருடம் கழித்து ஒரு பதக்கம்! ஹேவர்ட் பெயரிலும் ஒன்று உண்டு. ஆனால் அது ஐந்து முறை வென்ற வாலி ஹேவர்டின் பெயர். வெள்ளித் தேநீர்ப் பாத்திரம் வாங்கிய ஃபிரான்சஸ் ஹேவர்டின் பெயரில் பதக்கம் இல்லை.

பன்னிரண்டு மணி நேரம் முடியும் தருணத்தில் ஒரு அதிகாரி, ஓடி வருபவர்களுக்கு முதுகைக் காட்டி நின்று துப்பாக்கியை வெடிப்பார். ஒரு விநாடி பிந்தினாலும் பெயர் ஏறாது. பார்க்கக் கொடுமையாகத்தான் இருக்கும். ஆனால் முதுகு திருப்பி நிற்பதால் வருபவர் யார், என்ன நிறம், ஆணா பெண்ணா என்பது அவருக்குத் தெரியாது. கடிகாரம் மட்டுமே தீர்ப்புச் சொல்கிறது. இந்த எளிய நியாயம் அந்தச் சாலைக்கு வந்து சேர 54 வருடம் ஆனது.