வன்தட்டின் நோயும் மருந்தும்



மனிதன் முதலில் கல்லில் எழுதினான். பின்னர்ச் செப்பேட்டிலும் ஓலையிலும் எழுதினான். அதன்பின் தாளில் எழுதினான். இன்று கணிப்பொறியின் வன்தட்டில் எழுதி வைக்கிறான். எழுதப்படும் பொருள் எதுவாயினும் அதற்கென ஒரு நோய் உண்டு. கல் மழையிலும் வெயிலிலும் தேயும். செப்பேட்டை உருக்கிப் பாத்திரம் செய்துவிடுவர். ஓலையைச் செல் அரிக்கும். தாள் பழுப்பேறி நொறுங்கும். வன்தட்டோ, நேற்று மாலை வரை நன்றாக ஓடியிருந்து, இன்று காலை வாய்மூடி நின்றுவிடும்.

அவ்வாறு நின்றுபோன தட்டில் எழுதியிருந்தவையெல்லாம் அழிந்தனவா? அல்லது படிக்கும் கருவி மட்டும் பழுதாயிற்றா? இந்த வினாவிற்கு விடை காண்பதே இன்றைய பேச்சின் நோக்கம். விடை காண வேண்டுமாயின், 'ஹார்ட் டிஸ்க்' என்று கடைத்தெருவில் வழங்கும் இப்பொருள் பிறந்து வளர்ந்த வரலாற்றைச் சிறிது அறிதல் வேண்டும்.

இதனை உருவாக்கிய குழுவின் தலைவர் ஒரு பள்ளி ஆசிரியராய் இருந்தவர் என்பது எம்போன்ற ஆசிரியர்க்கு மகிழ்ச்சி தரும் செய்தி. ரெனால்ட் ஜான்சன் என்பது அவர் பெயர். அமெரிக்காவில் மிச்சிகன் மாநிலத்துப் பள்ளியொன்றில் அவர் அறிவியல் கற்பித்தார். மாணவர் பென்சிலால் இட்ட குறி மின்னோட்டத்தைக் கடத்தும் என்பதைக் கொண்டு, விடைத்தாளைத் தானே திருத்தும் பொறி ஒன்றை அமைத்தார். அதனைக் கண்ட ஐ.பி.எம். நிறுவனம் 1934-இல் அவரைப் பணியில் அமர்த்திக்கொண்டது. 1952-இல் கலிபோர்னியாவின் சான் ஓசே நகரில் ஓர் ஆய்வுக்கூடம் தொடங்க அவர் அனுப்பப்பட்டார். அங்குப் பிறந்ததே முதல் வன்தட்டு.

1956-இல் 'ராமாக்' என்னும் கணிப்பொறியுடன் அது வெளிவந்தது. 24 அங்குலக் குறுக்களவு உடைய 50 தட்டுகள் ஒரே அச்சில் அடுக்கப்பெற்று, நிமிடத்திற்கு 1,200 முறை சுழன்றன. அவற்றின்மேல் இரும்பு ஆக்சைடு பூசப்பட்டிருந்தது. காந்தக் குறிகளாக 50 லட்சம் எழுத்துகளை அது தாங்கியது. எடையோ ஒரு டன்னுக்கு மேல்! ஐம்பது தட்டுகளுக்கும் இரண்டே படிப்புத் தலைகள் இருந்தன. அவற்றைத் தாங்கிய கை ஒன்று மேலும் கீழும் சென்று, வேண்டிய தட்டினைத் தேடியது. அழுத்திய காற்றே தலைக்கும் தட்டிற்கும் இடையே மெத்தையாய் நின்று, ஒன்றை ஒன்று உரசாமல் காத்தது.

1973-இல் 'வின்செஸ்டர்' என்று அழைக்கப்பெற்ற தட்டு வந்தது. தட்டும் தலையும் ஒரே உறைக்குள் அடைக்கப்பட்டன. வெளித் தூசி உள்ளே புகாத அந்த அமைப்பையே நம் வீட்டுத் தட்டுகளும் பின்பற்றுகின்றன. 1980-இல் சீகேட் நிறுவனம் ஐந்தேகால் அங்குலத் தட்டு ஒன்றை விற்பனைக்குக் கொணர்ந்தது. அதன் கொள்ளளவு 5 மெகாபைட். ஏறத்தாழ 50 லட்சம் எழுத்துகள். ஒரு டன் எடையுள்ள பொறி செய்த வேலையை, இருபத்து நான்கு ஆண்டுகளில், மேசைமேல் வைக்கத்தக்க பெட்டி செய்யலாயிற்று! 1988-இல் ஆல்பர் ஃபெர், பீட்டர் குரூன்பெர்க் என்னும் இருவர் தனித்தனியே கண்டறிந்த காந்தத்தடை விளைவு, மிக நுண்ணிய குறிகளையும் படிக்க வழி செய்தது. அதற்காக 2007-ஆம் ஆண்டின் நோபெல் பரிசு அவர்களுக்கு வழங்கப்பட்டது.

இந்த வளர்ச்சிக்கு ஒரு விலை உண்டு. தட்டு சுருங்கச் சுருங்க, தலைக்கும் தட்டிற்கும் உள்ள இடைவெளியும் சுருங்கியது. இன்று அது சில நானோமீட்டர் அளவே. நம் தலைமயிர் ஒன்றின் பருமன் ஏறத்தாழ 80,000 நானோமீட்டர் என்றால், அந்த இடைவெளியின் நுண்மையை உணரலாம். நிமிடத்திற்கு 5,400 அல்லது 7,200 முறை சுழலும் தட்டின்மேல், அத்துணைத் தாழ்வாகத் தலை மிதந்து செல்கிறது. தூசி ஒன்று குறுக்கிட்டால் அது மலையுடன் மோதும் விமானம் போன்றதே.

இனி, நோய்களைப் பார்ப்போம். அவை நான்கு வகை. முதலாவது, தட்டிற்கு வெளியே உள்ள நோய்: மின்னாற்றல் தரும் அடாப்டர், கேபிள், பெட்டியில் உள்ள இணைப்புச் சுற்று ஆகியன கெடுதல். இரண்டாவது, பொருளடக்கம் கெடுதல்: எந்தக் கோப்பு எங்கே உள்ளது என்று குறித்து வைத்த அட்டவணை சிதைந்துவிடும், கோப்புகள் அப்படியே இருக்கும். மூன்றாவது, தட்டின் பரப்பில் சில இடங்கள் படிக்க இயலாதனவாதல். நான்காவது, தலையோ மோட்டாரோ ஒடிந்து போதல். முதல் மூன்றிற்கும் வீட்டிலேயே ஓரளவு மருத்துவம் செய்யலாம். நான்காவதை வீட்டில் தொடவே கூடாது.

வள்ளுவர் 'மருந்து' என்னும் அதிகாரத்தில், நோய் இன்னதென்றும் அதன் காரணம் இன்னதென்றும் அறிந்த பிறகே தணிக்கும் வழியை நாடச் சொன்னார். அம்முறை இங்கும் பொருந்தும். எவ்வாறு என்பதற்கு நான் அருகிருந்து கண்ட நிகழ்ச்சி ஒன்றைக் கூறுகிறேன்.

2015 டிசம்பர் முதல் நாள் பெய்த பெருமழையைத் தென்சென்னைப் புறநகர் மக்கள் மறக்கமாட்டார்கள். மறுநாள் காலையுடன் முடிந்த 24 மணி நேரத்தில் தாம்பரத்தில் மட்டும் 49 சென்டிமீட்டர் மழை பதிவாயிற்று. அடையாற்று வெள்ளம் முடிச்சூரிலும் வரதராசபுரத்திலும் வீடுகளுக்குள் புகுந்தது. எனக்கு மூத்த ஓர் ஆசிரியர் அப்பகுதியில் வாழ்ந்து வந்தார். செங்கற்பட்டு வட்டாரத்துச் சிற்றூர்களில் நாற்று நடும் பெண்கள் பாடிய பாட்டுகளைப் பத்தாண்டுக் காலம் ஊர் ஊராகச் சென்று ஒலிப்பதிவு செய்தவர் அவர். பாடியவருள் பலர் மறைந்துவிட்டனர். பதிவுகளெல்லாம் இருந்த வன்தட்டு இரண்டு நாள் நீரில் மூழ்கிக் கிடந்தது. அதன் படி ஒன்று மட்டும் காட்டாங்குளத்தூரில் என் வீட்டு அலமாரியில் இருந்தது.

வெள்ளம் வடிந்ததும் அவர் தொலைபேசியில் கேட்டார்: "தம்பி, உங்களிடம் உள்ளதாவது நலமாக இருக்கிறதா?" இரண்டு ஆண்டுகளாகத் தொடாத அந்தத் தட்டை எடுத்துக் கணிப்பொறியில் இணைத்தேன். கணிப்பொறி அதனைக் கண்டுகொள்ளவே இல்லை.

அடுத்த தெருவில் பொறியியல் பயிலும் மாணவர் ஒருவர் இருந்தார். அவரை அழைத்தேன். அவர் திருப்புளியைக் கையில் எடுக்கவில்லை. காதைத்தான் பெட்டியருகே வைத்தார். "ஐயா, உள்ளே 'டிக் டிக்' என்று அடித்துக்கொள்ளும் ஓசை இல்லை, சுழலும் ஓசையும் இல்லை. மின்னாற்றல் போய்ச் சேர்கிறதா என்று முதலில் பார்ப்போம்" என்றார். அடித்துக்கொள்ளும் ஓசை கேட்டிருந்தால், தலை பழுதுற்றது என்று பொருள். அக்கணமே மின்னை நிறுத்தியிருக்க வேண்டும். கேபிளை மாற்றினோம், பயனில்லை. வேறு கணிப்பொறியில் இணைத்தோம், பயனில்லை. அடாப்டரை மல்ட்டிமீட்டரால் அளந்தோம். 12 வோல்ட் தரவேண்டியது ஏழு வோல்ட்டும் தரவில்லை. அதன் விளக்கு மட்டும் நன்றாக எரிந்துகொண்டிருந்தது! அதே வோல்ட்டும் அதே ஆம்பியரும் உடைய புதிய அடாப்டரைத் தாம்பரத்தில் வாங்கி வந்து மாட்டியதும் தட்டு சுழலத் தொடங்கியது.

அத்துடன் முடியவில்லை. 'இத்தட்டைப் பயன்படுத்து முன் வடிவமைக்க வேண்டும்; வடிவமைக்கலாமா?' என்று திரையில் ஒரு வினா தோன்றியது. பலர் இவ்விடத்தில் 'ஆம்' என்று அழுத்திவிடுவர். பழைய அட்டவணையின்மேல் புதிய வெற்று அட்டவணை ஒன்றை எழுத இசைவு கேட்கும் வினா அது. 'வேண்டா' என்று விடையளித்தோம். அடுத்து, 'டிடிரெஸ்கியூ' என்னும் இலவச மென்பொருளைக் கொண்டு, பழைய தட்டில் உள்ளதை உள்ளவாறே புதிய தட்டிற்குப் படியெடுத்தோம். அம்மென்பொருள் படிக்க முடியாத இடம் வந்தால் அதிலேயே நின்று தட்டை வருத்தாது. தாண்டிச் சென்று நல்ல இடங்களை முதலில் எடுத்துக்கொள்ளும். பின்னர்த் திரும்பி வந்து விட்ட இடங்களை மெல்ல முயலும். ஓர் இரவும் மறுநாள் பகலும் அவ்வேலை நடந்தது. அதன்பின், மூலத்தை எடுத்து வைத்துவிட்டுப் படியின்மேல்தான் அட்டவணையைச் செப்பனிட்டோம். மூன்று பாட்டுகள் இடையிடையே அறுந்து கேட்டன. மற்றவை அனைத்தும் கிடைத்தன. பெயர் மறந்துபோன ஒரு மூதாட்டியின் குரல் அறையில் எழுந்தபோது, நாங்கள் இருவரும் சிறிது நேரம் பேசவில்லை.

நீரில் மூழ்கிய தட்டை என்ன செய்வது? பெரும்பாலான தட்டுகளின் உறையில் காற்றழுத்தம் ஒத்திருக்கச் சிறு துளை ஒன்று உண்டு. அதன் வழியே சேற்று நீர் உள்ளே செல்லும். வெயிலில் உலர்த்தினால் சேறு தட்டின்மேல் காய்ந்து ஒட்டிக்கொள்ளும். மின்னைச் செலுத்தினால் தலை அந்தச் சேற்றில் உழும். ஆதலின், ஈரத்துடனேயே பிளாஸ்டிக் பையில் இட்டு மூடி, தூசியற்ற அறையுள்ள மீட்புக்கூடத்திற்கு அனுப்புவதே முறை.

கை வைத்தியங்கள் சில ஊரில் வழங்குகின்றன. தட்டைக் குளிர்பதனப் பெட்டியில் வைத்தால் பிழைக்கும் என்பர். வெளியே எடுத்ததும் அதன்மேல் நீர் துளிர்க்கும் என்பதை அவர்கள் எண்ணுவதில்லை. பக்கவாட்டில் தட்டினால் ஓடும் என்பர். முற்காலத் தட்டுகள் சிலவற்றில் தலை தட்டுடன் ஒட்டிக்கொள்ளும் நோய் இருந்தது. அந்நாளில் பிறந்த வைத்தியம் அது. இன்றைய தட்டுகள் பெரும்பாலானவற்றில் தலை ஓய்வுகொள்ளும் இடம் தட்டிற்கு வெளியே உள்ளது. நோய் மாறியபின்னும் பழைய மருந்தைத் தருவது நோயாளியைக் கொல்வதாகும்.

படிக்கும் கருவி அழிந்தாலும் எழுத்து வாழக்கூடும் என்பதற்கு வியத்தகு சான்று ஒன்று உண்டு. நம் நாட்டுக் கர்னால் நகரில் பிறந்த கல்பனா சாவ்லா உட்பட எழுவர் சென்ற கொலம்பியா விண்ணோடம், 2003 பிப்ரவரி முதல் நாள் தரைக்குத் திரும்பும் வழியில் வானிலேயே சிதறியது. அதில் செனான் வாயுவின் பாகுநிலையை ஆராயும் சோதனை ஒன்று நடந்திருந்தது. அதன் அளவுகளைத் தாங்கிய 400 மெகாபைட் வன்தட்டு, சிதைவுகளுக்கிடையே கரிந்த கட்டியாகக் கிடைத்தது. மின்சுற்று எரிந்திருந்தது, உறையின் காப்பு உருகியிருந்தது. ஆயினும், வல்லுநர்கள் தட்டுகளை மட்டும் எடுத்துத் தூய்மை செய்து, புதிய உறையில் பொருத்தி, ஏறத்தாழ நூற்றுக்குத் தொண்ணூற்றொன்பது பங்கு செய்திகளை மீட்டனர். அந்த ஆய்வின் முடிவு 2008-இல் அச்சேறியது. விண்ணிலிருந்து எரிந்து விழுந்த தட்டு பிழைத்தது. ஆனால், நம் மேசைமேல் உள்ள தட்டு, வேண்டாத இடத்தில் அழுத்திய ஒரு விசையால் அழிந்துவிடுகிறது!

எனினும், எல்லாத் தட்டும் பிழைப்பதில்லை. தலை உரசிப் பூச்சு பொடியாய் உதிர்ந்த இடத்தில் எழுத்தும் உதிர்ந்துவிட்டது. அதனை எவராலும் மீட்க இயலாது. இங்குதான் நம் முன்னோரின் வழி நினைவுக்கு வருகிறது. ஓலையின் வாழ்நாள் குறுகியது என்பதை அவர்கள் அறிந்திருந்தனர். ஆதலின் தலைமுறைதோறும் படியெடுத்தனர். ஒரு நூலின் படிகள் பல ஊர்களில், பல மடங்களில், பல புலவர் வீடுகளில் இருந்தன. உ. வே. சாமிநாதையர் 1887-இல் சீவக சிந்தாமணியைப் பதிப்பித்தபோது, ஒரு சுவடியில் சிதைந்த இடத்தை மற்றொரு சுவடியைக் கொண்டு தெளிந்தார். ஒரே சுவடிதான் இருந்திருக்குமாயின், அவர் புலமை அனைத்தும் திரண்டாலும் செல்லரித்த சொல்லைத் திரும்பத் தர முடிந்திராது.

வெள்ளத்திற்குப் பின் அரசு சிறப்பு முகாம்கள் நடத்திற்று. இழந்த சான்றிதழ்களுக்கும் குடும்ப அட்டைகளுக்கும் அங்கே நகல் பெற வழி செய்யப்பட்டது. அலுவலகத்தில் மூலம் இருந்ததால் நகல் கிடைத்தது. ஒரே தட்டில் கிடந்த திருமணப் படங்களுக்கும், தந்தையின் குரலுக்கும், ஆராய்ச்சிக் குறிப்புகளுக்கும் எந்த அலுவலகம் நகல் தரும்?

அந்த மூத்த ஆசிரியரின் பாட்டுகளுக்கு இன்று மூன்று படிகள் உள்ளன: ஒன்று அவர் மகள் வாழும் கோவையில், ஒன்று என்னிடம், ஒன்று வட்டாரக் கல்லூரி நூலகம் ஒன்றில். ஆண்டிற்கு ஒருமுறை பொங்கல் விடுமுறையில் நான் என் படியை இயக்கிப் பார்க்கிறேன். ஐந்தாண்டிற்கு ஒருமுறை புதிய தட்டிற்கு மாற்றுகிறேன்.

மாணவர்களே, உங்கள் வீட்டிலும் இத்தகைய தட்டு ஒன்று இருக்கும். அதில் ஒரே படியாக உள்ளது எது என்று இன்று மாலை பாருங்கள். அதற்கு இன்னொரு படி எடுத்து, வேறு ஊரில் உள்ள உறவினர் வீட்டில் வையுங்கள். அதற்கு முன்பே தட்டு நின்றுவிட்டால் கலங்காதீர்கள். காது கொடுத்துக் கேளுங்கள். அடாப்டரையும் கேபிளையும் ஐயுறுங்கள். மூலத்தின்மேல் எதையும் எழுதாதீர்கள். அடித்துக்கொள்ளும் ஓசை கேட்டால் உடனே மின்னை நிறுத்திவிடுங்கள்.