கே.டிஸ். போட்ட கோப்பும் கணினியின் குறிப்பேடும்

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை. அம்மா மண்டபத்தில் குளித்துவிட்டு வீட்டுக்குள் நுழைகிறேன், பெங்களூரிலிருந்து பேரன் போன் செய்கிறான். சாஃப்ட்வேர் கம்பெனியில் சேர்ந்து இரண்டு வருடம் ஆகிறது. குரலில் தூக்கமே இல்லை.

"ராத்திரி பூரா வேலைதான் தாத்தா. ஒரு ப்ரோக்ராம் நடுவுல நின்னுபோச்சு. ஏன் நின்னுச்சுன்னு பார்க்கலாம்னா லாக்ல ஒண்ணுமே இல்ல. யாரோ லெவலை எர்ரர்னு வச்சிட்டுப் போயிருக்காங்க. அதுக்கு முன்னாடி வந்த எச்சரிக்கை எதுவுமே பதிவாகல."

"யாரோன்னா யாருப்பா?" என்றேன்.

கொஞ்ச நேரம் பதில் இல்லை. "நான்தான் தாத்தா" என்றான்.

என் உத்தியோக காலத்திலும் இப்படி ஒரு 'யாரோ' உண்டு. அதைக் கடைசியில் சொல்கிறேன். முதலில் இந்த லெவல், லாக் சமாச்சாரத்தின் சரித்திரத்தைப் பார்த்துவிடலாம்.

எனக்கும் கணினிக்கும் பழக்கம் ஏற்பட்டதே இந்தப் பேரனால்தான். 2014 கோடை விடுமுறைக்கு ஸ்ரீரங்கம் வந்திருந்தான், அப்போது எட்டாம் வகுப்பு. தமிழிலேயே நிரல் எழுதும் 'எழில்' என்ற மொழி இருக்கிறது என்று நான் எங்கோ படித்து அவனிடம் சொன்னேன். அமெரிக்காவில் இருந்த முத்தையா அண்ணாமலை என்பவர் உருவாக்கி 2009-ல் அறிவித்தது. யார் வேண்டுமானாலும் இலவசமாக எடுத்துக்கொள்ளலாம். 'பதிப்பி' என்றால் திரையில் காட்டும். ஆங்கிலக் கணினி மொழிகளில் 'இஃப்' முதலில் வரும், நிபந்தனை பின்னால் வரும். எழிலில் நிபந்தனையை முதலில் எழுதி, பிறகு 'ஆனால்' என்று போட வேண்டும். நாம் பேசுவதும் அப்படித்தானே!

காரைக்காலில் பிரெஞ்சு மீடியத்தில் படித்தவன் நான். ஆங்கிலம் எனக்குப் பிறகு ஒட்டிக்கொண்டது. அதனால் தாய்மொழியில் கணினி என்பது எனக்கு விசித்திரமாகத் தோன்றவில்லை. கணினிக்கு 'ஒர்தினாத்தர்' என்று 1955-லேயே தனிப் பெயர் வைத்தவர்கள் பிரெஞ்சுக்காரர்கள். 1970-களில் 58 லிசேக்களில் கணினிகளை வைத்து, 'எல்.எஸ்.ஈ.' என்ற மொழியைப் பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுத்தார்கள். அதில் காட்டு என்பதற்கு 'அஃபிஷே', படி என்பதற்கு 'லீர்'. அத்தனையும் பிரெஞ்சுச் சொற்கள்.

எழில் மொழி பைத்தான் மொழியில் எழுதப்பட்டது. நாம் எழுதும் ஒவ்வொரு வரியையும் வாசித்து அங்கேயே நிறைவேற்றும். இப்படிப்பட்டதை 'இன்டர்ப்ரெட்டர்' என்கிறார்கள். ஜமாபந்தியில் கலெக்டர் பக்கத்தில் நின்று மனுவை வாசித்துச் சொல்லும் குமாஸ்தா மாதிரி என்று நான் புரிந்துகொண்டேன்.

'வணக்கம்' என்று பதிப்பிக்கச் சொன்னோம். கறுப்புத் திரையில் ஆங்கிலத்தில் பத்து வரிப் புலம்பல் வந்தது. தமிழைக் காணோம். பேரன் முகம் விழுந்துவிட்டது. "தமிழ்ல எழுதினதாலதான் தப்பாயிடுச்சா தாத்தா?" என்றான். அந்தக் கேள்வி என்னைக் குத்தியது. சிறு வயதில் ஆங்கிலம் தெரியாமல் திருச்சிக்கு வந்து நான் நின்ற நிலை அது.

இரண்டு நாள் உட்கார்ந்தோம். தப்பு தமிழில் இல்லை, எழிலிலும் இல்லை. அந்தக் கறுப்புத் திரைக்குப் பழைய ஐரோப்பிய எழுத்துப் பட்டியல் ஒன்றைக் கொடுத்து வைத்திருந்தார்கள். பைத்தான் அந்தப் பட்டியலில் 'வ' எங்கே என்று தேடி, கிடைக்காமல் நின்றுவிட்டது. 'பைத்தான்-ஐ.ஓ.-என்கோடிங்' என்ற சூழல் மாறிக்கு 'யு.டி.எஃப்.-8' என்ற மதிப்பைக் கொடுத்து, விடையை ஒரு கோப்புக்குத் திருப்பி நோட்பேடில் திறந்தோம். 'வணக்கம்' என்று அழகாக இருந்தது. பேரன் குதித்த குதிப்பில் கீழ் வீட்டுக்காரர் மேலே வந்துவிட்டார்.

இந்தச் சூழல் மாறிகள், அதாவது 'என்விரான்மென்ட் வேரியபிள்'கள், 1979-ல் வந்த யூனிக்ஸ் ஏழாம் பதிப்பில் பிறந்தவை. நிரலைத் தொடாமலே, அது எந்த மொழியில் பேச வேண்டும், உபகரணங்களை எந்த இடத்தில் தேட வேண்டும் என்றெல்லாம் வெளியிலிருந்து சொல்லி அனுப்பும் ஏற்பாடு. ஒரு நிரல் இன்னொன்றைத் தொடங்கும்போது இந்தக் குறிப்புகளின் நகல் ஒன்று அதற்குப் போகும். கேம்ப் போகும்போது தகரப் பெட்டியில் பதிவேட்டு நகல்களை எடுத்துப் போவோமே, அதேதான். கேம்ப்பில் நகலைத் திருத்தினால் தலைமையிடத்து அசல் மாறாது. இங்கேயும் மாறாது. 2012-ல் வந்த பைத்தான் 3.3 ஒரு படி மேலே போய், ஒவ்வொரு வேலைக்கும் தனித் தனிப் பெட்டியே கட்டிக் கொடுத்துவிட்டது. ஒன்றின் சாமான் இன்னொன்றில் கலக்காது.

இனி லாக். இது கப்பலிலிருந்து வந்த சொல். கயிற்றில் கட்டிய மரக்கட்டையைக் கடலில் வீசி வேகத்தை அளந்து, ஒரு புத்தகத்தில் எழுதி வைப்பார்கள். கட்டையின் பெயரே புத்தகத்துக்கும் ஆகிவிட்டது. கணினியும் தான் செய்வதை அப்படி எழுதி வைக்கிறது. ஆனால் எல்லாவற்றையும் எழுதினால் வட்டு நிரம்பிவிடும், தேவையானது கண்ணில் படாது. ஒன்றும் எழுதாவிட்டால், விபத்து நடந்த பிறகு கேட்க ஆள் இல்லை.

1980-களில் அமெரிக்காவின் பெர்க்லி பல்கலைக்கழகத்தில் எரிக் ஆல்மன் என்பவர், தாம் எழுதிய மின்னஞ்சல் நிரலுக்காக 'சிஸ்லாக்' என்ற முறையை அமைத்தார். அதில் எட்டுப் படிகள். 0 என்றால் எல்லாம் போயிற்று என்ற நெருக்கடி. 3 பிழை, 4 எச்சரிக்கை, 6 வெறும் தகவல், 7 பழுது பார்ப்பவருக்கான துணுக்குச் செய்தி. பைத்தானில் இது 2003-ல் வந்தது. விநய் சஜிப், ட்ரென்ட் மிக் என்ற இருவர் முன்மொழிந்தது. இங்கே ஐந்து படிகள்: துணுக்கு 10, தகவல் 20, எச்சரிக்கை 30, பிழை 40, நெருக்கடி 50. அங்கே எண் குறைந்தால் ஆபத்து, இங்கே கூடினால் ஆபத்து! நாம் ஒன்றும் சொல்லாவிட்டால் பைத்தான் 30-ஐயும் அதற்கு மேலுள்ளதையும் மட்டும் காட்டும். என் பேரன் அதை 40-க்கு ஏற்றியிருக்கிறான். 30-ல் வந்த எச்சரிக்கைகள் எழுதப்படாமலே போயின.

அவன் சொல்லச் சொல்ல எனக்கு எங்கள் ஆபீஸ் ஞாபகம்தான் வந்தது. சென்னை மாகாண காலத்திலிருந்து வரும் டாட்டன்ஹாம் முறைப்படி, முடிந்த கோப்பு ஒவ்வொன்றுக்கும் ஆயுள் குறிக்க வேண்டும். எல்.டிஸ். என்றால் ஓராண்டு. கே.டிஸ். மூன்றாண்டு, தமிழில் மூ.மு. டி.டிஸ். பத்தாண்டு, ப.மு. ஆர்.டிஸ். நிரந்தரம், நி.மு. கெடு முடிந்ததும் ரெக்கார்டு ரூமில் கழித்துக் கட்டிவிடுவார்கள்.

ஸ்ரீரங்கம் கோயிலைச் சுற்றி வரும்போதும் இதே எண்ணம் வரும். சுவர்களில் 600-க்கும் மேற்பட்ட கல்வெட்டுகள். தென்னிந்தியக் கல்வெட்டுகள் வரிசையில் 24-ஆம் தொகுதி முழுவதும் இந்தக் கோயிலுடையது. நிலம் கொடுத்தது, விளக்கு வைத்தது எல்லாம் சந்திர சூரியர் உள்ளவரை என்று கல்லில் இருக்கிறது. அன்றாட வரவு செலவு ஓலையில் இருந்திருக்கும், செல்லரித்துப் போயிருக்கும். எது கல்லுக்கு, எது ஓலைக்கு என்று அன்றைக்கும் ஒரு கணக்குப்பிள்ளை தீர்மானித்திருப்பார்.

நானும் அப்படி ஒரு தடவை தீர்மானித்தேன். வேலையில் சேர்ந்து ஐந்தாறு வருடம் இருக்கும். எந்த ஆபீஸ் என்று சொல்ல வேண்டாம். வருடக் கடைசி, மேஜையில் முடிக்காத கோப்புகள் குவிந்து கிடந்தன. இரவு ஒன்பது மணிக்கு ஒரே மூச்சில் ஐம்பது அறுபது கோப்புகளுக்கு டிஸ்போசல் போட்டேன். அதில் ஒன்று, ஒரு கூலித் தொழிலாளிக்கு ஒப்படை செய்த முக்கால் ஏக்கர் நிலம் பற்றியது. நி.மு. போட வேண்டிய கோப்பு. உள்ளே புரட்டிப் பார்க்காமல், மேலட்டையில் இருந்த 'மனு' என்ற சொல்லை மட்டும் பார்த்து மூ.மு. என்று எழுதினேன். மேலே இருந்தவர் கையெழுத்துப் போட்டார்.

நாலு வருடம் கழித்து ஓர் அம்மாள் வந்தார். புருஷன் இறந்துவிட்டார். நிலம் தங்களுடையது என்று கொழுந்தன் தகராறு செய்கிறார். வீட்டில் இருந்த உத்தரவு மழையில் போய்விட்டது, ஆபீஸ் நகல் வேண்டும். எண் கேட்டேன். மஞ்சள் பையிலிருந்து ஒரு துண்டுச் சீட்டை எடுத்துக் கொடுத்தார். பதிவேட்டைப் புரட்டினேன். என் கையெழுத்திலேயே மூ.மு. என்று இருந்தது. கோப்பு முந்தின வருடமே கழிக்கப்பட்டுவிட்டது.

"யாரோ தப்பா எழுதிட்டாங்கம்மா. கோப்பு இல்ல" என்றேன்.

"யாருய்யா?" என்று அந்த அம்மாள் கேட்கவில்லை. கேட்கும் வழக்கம் அவருக்கு இல்லை. சீட்டை மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டு போனார். கிராமக் கணக்கில் தேடியிருக்கலாம். மேலே ஒரு குறிப்பு எழுதி, என் தவறு என்று ஒப்புக்கொண்டிருந்தால் மாற்று வழி ஏதாவது பிறந்திருக்கும். மெமோ வருமே என்று பயந்தேன். அப்புறம் அந்த நிலம் என்ன ஆயிற்று என்று நான் விசாரிக்கவே இல்லை.

இதை என் மனைவியிடம்கூடச் சொன்னதில்லை. அந்த ஞாயிற்றுக்கிழமை போனில் பேரனிடம் சொன்னேன். கடைசி வரை கேட்டுவிட்டு, "நீங்க அப்ப சொல்லியிருந்தா என்ன பண்ணியிருப்பாங்க தாத்தா?" என்றான்.

"ஒரு இன்க்ரிமென்ட் நிறுத்தியிருப்பாங்க. அவ்வளவுதான்."

மறுநாள் அவன் தன் மேலதிகாரியிடம் போய், லெவலை மாற்றியது நான்தான் என்று சொல்லிவிட்டானாம். திட்டு விழுந்ததாம். மதியம் சாப்பிட்டுவிட்டு நன்றாகத் தூங்கினேன் தாத்தா என்றான். கேட்க எனக்குச் சந்தோஷமாக இருந்தது.