பொறியின் நம்பகமும் உழைப்போர் நிலையும்: ஒரு வரலாற்றுக் குறிப்பு

1968 ஒக்ரோபரில் மேற்கு ஜேர்மனியின் கார்மிஷ் நகரிலே, நேட்டோ விஞ்ஞானக் குழுவின் ஆதரவில் மாநாடொன்று கூடியது. கணனிகளின் ஆற்றல் பெருகிய வேகத்துக்கு நிரல்களின் நம்பகம் ஈடுகொடுக்கவில்லை என்ற கவலை அங்கு 'மென்பொருள் நெருக்கடி' எனப் பெயர் பெற்றது. இராணுவக் கூட்டொன்றின் ஆதரவிலே இக்கவலை உரத்து ஒலித்தமை தற்செயலானதன்று என்றே கருதவேண்டும். மாநாட்டறிக்கையின் பதிப்பாசிரியர் இருவருள் ஒருவரான பிரையன் ரண்டெல் மறு ஆண்டு நியூகாசில் பல்கலைக்கழகத்தை அடைந்தார். நிரல்களில் வழு எஞ்சியே தீரும். எனவே வழுவைத் தாங்கி நிற்கும் அமைப்பே வேண்டும் என்பது அவரும் சகாக்களும் அங்கு வளர்த்த கருத்தாகும்.

இக்கட்டத்தில் நம்பகம் பொறியியலாளரின் பிரச்சினையாகவே இருந்தது. அவ்வெல்லையின் போதாமையைப் புள்ளிவிபரவியலே தெளிவாக்கியது எனலாம். பயணிகள் விமானத்தின் இன்றியமையாத அமைப்புக்களுக்கு 100 கோடி மணித்தியாலத்துக்கு ஒரு தவறு என்னும் அளவுகோல் விதிக்கப்பட்டிருந்தது. 100 கோடி மணித்தியாலம் என்பது ஏறத்தாழ 1,14,000 ஆண்டுகள்! இத்தகைய உறுதியைச் சோதனையால் நிறுவ இயலாதென லண்டன் சிற்றிப் பல்கலைக்கழகத்தின் பெவ் லிற்றில்வூட்டும், அவருடன் லொரென்சோ ஸ்ரிஜினியும் 1993இல் எடுத்துக்காட்டினர்.

இதே காலப்பகுதியில் லங்காஸ்டர் பல்கலைக்கழகச் சமூகவியலாளர் விமானப் போக்குவரத்துக் கட்டுப்பாட்டு அறைக்குள் சென்றனர். ஒவ்வொரு விமானத்துக்கும் ஒரு காகிதத் துண்டு. அதனைக் கையால் எழுதித் திருத்தித் தட்டியில் வரிசைப்படுத்துவர் பணியாளர். சிக்கல் நேரக்கூடிய விமானத்தின் துண்டு சற்றே சரித்து வைக்கப்படும். அயலில் இருப்பவர் ஒரு பார்வையில் அதனை உணர்ந்துகொள்வார். கணனியே துண்டுகளை வரிசைப்படுத்திவிட்டால் வேலை மிச்சமாகும் என்பது வடிவமைப்போர் எண்ணம். ஆனால் கையால் வைக்கும் அச்செயலே கவனத்தைக் கோருகின்றது. வானில் உருவாகும் நிலைமையை மனங்கொள்ளச் செய்கின்றது. வீண்வேலையெனத் தோன்றியது பாதுகாப்பின் ஒரு பகுதியாயிருந்தது. உழைப்போரின் கூட்டறிவு முகாமையாளரின் கண்ணுக்குப் புலப்படாமற்போவது தொழிற்சாலை வரலாற்றை அறிந்தோருக்குப் புதிதன்று.

2000இல் நியூகாசில், லங்காஸ்டர், யோர்க், எடின்பரோ, சிற்றி ஆகிய ஐந்து பல்கலைக்கழகங்கள் இணைந்து ஆறாண்டுத் திட்டமொன்றைத் தொடங்கின. கணனியியலாளர், உளவியலாளர், சமூகவியலாளர், புள்ளிவிபரவியலாளர் ஒன்றாய்ப் பணியாற்றினர். பொறியும் மனிதரும் சேர்ந்ததே அமைப்பு என்பது அவர்களது அடிப்படை நிலைப்பாடு. இத்துறை உழைப்பு முறையை நுணுகிக் கண்டது மெய்யே. எனினும் அமைப்பு எவருடைய உடைமை, தவறினால் எவர் இழப்பர் என்னும் வினாக்கள் போதிய அளவு எழுப்பப்படவில்லை என்பது எனது கருத்து.

அவ்வினாக்களைப் பிரித்தானியத் தபால் நிறுவனத்தின் 'ஹொரைசன்' விவகாரம் கொடூரமாக எழுப்பியது. 1999 முதல் 2015 வரை, அக்கணக்கியல் முறைமை காட்டிய பற்றாக்குறைகளை ஆதாரமாகக்கொண்டு 900இற்கும் மேற்பட்ட உபதபாலதிபர்கள் குற்றவாளிகளாக்கப்பட்டனர். சிலர் சிறை சென்றனர். பலர் சேமிப்பையும் வீட்டையும் இழந்தனர். இங்கே சட்டத்தின் பங்கு நோக்கற்பாலது. கணனிச் சான்றை முன்வைப்போர் அது செம்மையாக இயங்கியதென நிறுவவேண்டும் என இங்கிலாந்தில் 1984ஆம் ஆண்டுச் சட்டத்தின் 69ஆம் பிரிவு விதித்திருந்தது. ஹொரைசன் பரவத் தொடங்கிய அதே 1999இல் இயற்றப்பட்ட சட்டம் அப்பிரிவை நீக்கியது. பொறி செம்மையாக இயங்கியது என்ற அனுமானம் அவ்விடத்தை நிரப்பியது. நிரலையோ வழுப்பதிவுகளையோ கண்டிராத சிறு கடைக்காரர், அவற்றை வைத்திருந்த நிறுவனத்துக்கெதிராகப் பொறியின் தவறை எடுத்துக்காட்டவேண்டியவரானார்.

2019 டிசெம்பரில் உயர் நீதிமன்றம் முறைமையின் வழுக்களை ஏற்றுக்கொண்டது. 2024 மே மாதத்தில் நாடாளுமன்றம் சட்டத்தின் மூலமே தீர்ப்புக்களை இரத்துச் செய்தது. இவற்றுக்கு இடையில், 2020இல், மேற்கூறிய அனுமானத்தைக் கண்டித்துக் கட்டுரை வரைந்த நால்வருள் ஒருவர் லிற்றில்வூட் ஆவார். 1993இல் விமானத்தைக் குறித்து அவர் முன்வைத்த ஐயம், இப்பொழுது தபாற் கந்தோரின் கணக்கேட்டைக் குறித்து நீதிமன்றத்தின் முன் வந்து நின்றது.