வீட்டு வலையமைப்பில் டிஎன்எஸ், டிஎச்சிபி வழங்கி

வீட்டிலுள்ள கணினி, கைபேசி, அச்சுப்பொறி முதலியவற்றுக்கு ஐபி முகவரி கொடுப்பதையும், பெயரைக் கேட்டால் அதற்குரிய முகவரியைச் சொல்வதையும் வீட்டுக்குள்ளேயே செய்யும் ஏற்பாடு இது. முன்னது டிஎச்சிபியின் வேலை, பின்னது டிஎன்எஸ்ஸின் வேலை. சாதாரணமாக ரௌட்டரே இரண்டையும் பார்த்துக்கொள்ளும். தனியே அமைக்க விரும்புவோருக்கு, ராஸ்பெரி பை போன்ற சிறு கணினியில் டிஎன்எஸ்மாஸ்க் மென்பொருளை நிறுவுவது ஒரு நல்ல வழி.

வரலாறு

இணையத்தின் முன்னோடியான ஆர்ப்பாநெட் காலத்தில் எல்லாக் கணினிகளின் பெயர்களும் ஒரே கோப்பில் இருந்தன. ஸ்டான்ஃபோர்டு ஆய்வு நிறுவனத்தில் எலிசபெத் ஃபைன்லர் தலைமையில் இயங்கிய தகவல் மையம் அதைப் பராமரித்தது; மற்றவர்கள் அவ்வப்போது நகலெடுத்துக்கொண்டார்கள். கணினிகள் பெருகியதும் இம்முறை தாங்கவில்லை. 1983இல் பால் மொக்கபெட்ரிஸ், பெயர்ப் பொறுப்பைப் பல வழங்கிகளுக்குப் பிரித்துக் கொடுக்கும் டிஎன்எஸ்ஸை வடிவமைத்தார். 1987இல் வெளியான ஆர்எஃப்சி 1034, 1035 ஆகிய தரநிலை ஆவணங்களே இன்றும் அதன் அடிப்படை.

முகவரி வழங்கலின் கதை வேறு. 1984இல் வந்த ஆர்ஏஆர்பி, முகவரியை மட்டுமே சொன்னது. அடுத்த ஆண்டு வந்த பூட்பி கூடுதல் விவரங்களைத் தந்தாலும், ஒவ்வொரு கணினிக்கும் நிர்வாகி கையால் பதிவு எழுத வேண்டியிருந்தது. 1993இல் வரையறுக்கப்பட்ட டிஎச்சிபிதான் முகவரியைக் குத்தகைக்கு விட்டது: தவணை முடிந்தும் புதுப்பிக்காத சாதனத்தின் முகவரி இன்னொன்றுக்குப் போகலாம். ரால்ஃப் டிராம்ஸ் எழுதிய ஆர்எஃப்சி 2131 (1997) இதைச் செம்மைப்படுத்தியது.

சைமன் கெல்லி எழுதிய டிஎன்எஸ்மாஸ்க் இரண்டையும் ஒன்றாக்கியது. முகவரி பெறும் சாதனம் தன் பெயரைச் சொன்னால், அது அப்போதே டிஎன்எஸ்ஸிலும் ஏறிவிடும். வீட்டுக்கு வேண்டியதும் இதுவே.

அமைப்பு

வழங்கிக்கு 192.168.1.2 போன்ற நிலையான முகவரி வேண்டும். 192.168.1.50 முதல் 150 வரை 12 மணிநேரக் குத்தகைக்கு ஒதுக்கலாம். அச்சுப்பொறிக்கு அதன் மேக் முகவரியை (வன்பொருள் முகவரியை) வைத்து ஒரே முகவரியை நிலையாகக் கொடுப்பது நல்லது. ரௌட்டரின் டிஎச்சிபியை மறக்காமல் அணைக்க வேண்டும். இல்லாவிட்டால் புதிய சாதனம் பெரும்பாலும் முதலில் பதில் சொன்ன வழங்கியையே ஏற்கும்; அது ரௌட்டராக இருந்தால், பழைய டிஎன்எஸ்ஸிடமே போய்க்கொண்டிருக்கும். வீட்டுப் பெயர்களுக்குரிய பின்னொட்டு, 2018இல் ஒதுக்கப்பட்ட ஹோம்.ஆர்ப்பா; லோக்கல் என்பது, வழங்கியில்லாமல் சாதனங்களே ஒன்றையொன்று பெயரால் கண்டறியும் எம்டிஎன்எஸ்ஸுக்கு உரியது.

இன்றைய நிலை

ரௌட்டர் இயங்குதளமான ஓபன்டபிள்யூஆர்டி, விளம்பரத் தடுப்பியான பை-ஹோல் ஆகியவற்றில் டிஎன்எஸ்மாஸ்க் இடம்பெறுகிறது. அதில் 2017இலும் 2021இலும் வெளிப்பட்ட பாதுகாப்புக் குறைகள் சரிசெய்யப்பட்டன.