தோட்டத்துத் திடலும் குறிப்பேடும்



மாவட்டக் காற்பந்துப் போட்டிக்கு நம் மாணவர்களை ஏற்றிச் செல்லப் பெற்றோர் எவரேனும் உதவ இயலுமா என்று கேட்டிருந்தேன். இருவர் முன்வந்தனர். இருவருமே தோட்டத்தில் பிறந்து வளர்ந்தவர்கள். வழிநெடுகத் தங்கள் பழைய தோட்டக் குழுக்களைப் பற்றியே பேசிக்கொண்டு வந்தனர். பின்னிருக்கையில் இருந்த சிறுவர்கள் வாய் பிளந்து கேட்டனர். அப்பேச்சே இக்கட்டுரைக்குக் காரணம்.

மலாயாவில் மாநிலங்களுக்கிடையிலான காற்பந்து 1921இல் தொடங்கிற்று. எச்.எம்.எஸ். மலாயா என்னும் போர்க்கப்பலைச் சேர்ந்தவர்கள் அன்பளிப்பாக வழங்கிய கிண்ணமே அதன் பரிசு. அவ்வாண்டு ஆகஸ்டு 20ஆம் நாள் நடந்த முதல் ஆட்டத்தில் சிலாங்கூர் நம் பினாங்கை 5–1 என வீழ்த்தியது. (தொடக்கமே இப்படி! அக்கிண்ணத்தைப் பினாங்கு கைப்பற்ற 1953 வரை காத்திருக்க வேண்டியதாயிற்று.) இவையெல்லாம் நாளேடுகளில் வந்த வரலாறு. தோட்டத்துக் காற்பந்தின் வரலாற்றையோ யாரும் எழுதி வைக்கவில்லை.

அங்கே நிலம் மட்டுந்தான் நிருவாகத்தினுடையது. லயங்களுக்கும் கோயிலுக்கும் அருகே ஒரு திடல் இருக்கும். மற்றவை யாவும் ஊதியமின்றி உழைத்தவர்களால் நடந்தன. கிராணியார் அடுத்த தோட்டத்திற்குக் கடிதம் எழுதி ஆட்டநாளை உறுதி செய்வார். பள்ளி ஆசிரியர் நடுவராக நிற்பார். சம்பள நாளன்று ஒருவர் குறிப்பேட்டுடன் லயம் லயமாகச் சென்று சந்தா திரட்டுவார். பந்து வாங்கியது, லாரிக்குக் கொடுத்தது, ஆட்டக்காரர்களுக்குத் தேநீர் வாங்கியது என அனைத்தும் அக்குறிப்பேட்டில் இருக்கும். ஆட்டக்காரர்களின் பெயர் ஊரறியும். குறிப்பேட்டுக்காரரின் பெயரைத்தான் அந்தப் பெற்றோர் இருவராலும் நினைவுகூர முடியவில்லை.

தேசியக் குழுவின் வலைகாத்த 'ஸ்பைடர்மேன்' ஆர். ஆறுமுகத்தை நாம் மறக்கவில்லை. நெகிரி செம்பிலான் சிலியாவில் பிறந்து, ஆசிரியராக இருந்து, 1978 முதல் 2007 வரை ஆசியக் காற்பந்துக் கூட்டமைப்பின் பொதுச் செயலாளராக விளங்கிய பீட்டர் வேலப்பனையும் அறிவோம். ஆசிரியர்களே, இப்பெயரை வகுப்பில் ஒருமுறையேனும் சொல்லுங்கள்.

பிறகு தோட்டங்கள் துண்டாடப்பட்டன. ஐம்பதுகளில் வெள்ளையர் நிறுவனங்கள் தோட்டங்களை விற்கத் தொடங்கின. அதைத் தடுக்கவே 1960இல் துன் வீ. தி. சம்பந்தன் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தோற்றுவித்தார். எனினும் பின்னாளில் தொழிற்பேட்டைகளும் வீடமைப்புத் திட்டங்களும் எஞ்சிய பலவற்றை விழுங்கின. ஆட்டக்காரர்கள் பட்டணத்தில் வேறு குழுவில் சேர்ந்து ஆடலாம். ஆனால் கிராணியாரும் ஆசிரியரும் சந்தா திரட்டியவரும் ஆளுக்கொரு திசையில் சென்றுவிட்டால், குழுவைக் கூட்டுவது யார்? நம் அருகிலுள்ள பத்து காவானைப் பாருங்கள். தோட்டமாக இருந்த அவ்விடத்தில் 2000ஆம் ஆண்டு சுக்மா போட்டிகளை ஒட்டி, ஏறத்தாழ நாற்பதாயிரம் பேர் அமரக்கூடிய அரங்கம் எழுந்தது. இருக்கைகளுக்குக் குறைவில்லை!

இந்நிலையில் நம் சமூகக் காற்பந்துக்கு மீண்டும் உயிரூட்டும் பெருமுயற்சியை மேற்கொண்டது மலேசிய இந்தியக் காற்பந்துச் சங்கம், அதாவது மிஃபா. மலேசிய இந்திய விளையாட்டு மன்றத்துடன் இணைந்து அது அமைத்த குழு, 2016இல் மூன்றாம் நிலை லீக்கில் ஆடி, 2017இல் பிரீமியர் லீக்கிற்கு உயர்ந்தது. 2019இல் பெட்டாலிங் ஜெயா சிட்டி என்னும் பெயருடன் சூப்பர் லீக்கிலேயே கால் பதித்தது. 2021இல் வெளிநாட்டு ஆட்டக்காரர் எவருமின்றிக் களமிறங்கிற்று. தொலைக்காட்சியின் முன் அமர்ந்து நான் அடைந்த பெருமிதத்திற்கு அளவில்லை. 2022 பருவத்தோடு அக்குழு லீக்கிலிருந்து விலகியது.

நான் குறை கூற வரவில்லை. தொழில்முறைக் குழுவை நடத்தப் பெரும்பணம் வேண்டும். சம்பள நாள் சந்தாவில் அது நடவாது. ஆயினும் மேலே ஒரு குழு இருந்த அந்த ஆறு ஆண்டுகளில், கீழே நம் பள்ளிகளிலும் பட்டணங்களிலும் எத்தனை குழுக்களை நாம் அமைத்தோம் என்ற கேள்வி என்னை உறுத்துகிறது. சங்கத்தின் பொறுப்பு ஒருபுறம் இருக்கட்டும். பொறுப்பாசிரியர் என்ற முறையில், மாவட்டப் போட்டி முடிந்ததும் பந்துகளை அறையில் வைத்துப் பூட்டி, அடுத்த ஆண்டுதான் திறந்தவன் நான்.

இம்முறை பூட்டவில்லை. அவ்விரு பெற்றோரும் சனிக்கிழமை மாலைதோறும் வருகின்றனர். ஒருவர் பயிற்சி அளிக்கிறார். மற்றவருக்கு முழங்கால் வலி, ஓட முடியாது. அவர் நாற்பது பக்கக் குறிப்பேடு ஒன்றை வாங்கி, வந்த மாணவர் பெயர், வராதவர் பெயர், எலுமிச்சைச் சாற்றுக்கு ஆன செலவு ஆகியவற்றை எழுதி வருகிறார். சென்ற சனிக்கிழமை பதினேழு பேர். அவர்களில் நால்வர் பெண்பிள்ளைகள். இன்னும் இரண்டு பந்துகளும், கோடு போடச் சுண்ணாம்பும், மழை நாளில் பிள்ளைகளை வீட்டில் விட ஒரு வாகனமும் தேவைப்படுகின்றன. இயன்றவர் மாலை ஐந்து மணிக்குத் திடலுக்கு வாருங்கள்.